பதினாறு ரூபாய்க்கு ஒரு சாட்சி

அஸ்தினாபுரம்,
14-8-2008

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே குர்கானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது, என் தோள்வலி தைலத்திலேயே அடங்கிவிட்டது, மனசுதான் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா ஏன் ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார் என்று கேட்டாய், தூக்கக் கலக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். போன் ஹாலில் இருக்கிறது, அவர் பக்கத்திலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு உன்னிடம் என்னத்தைச் சொல்ல. இன்று பென்ஷன் விஷயமாகத் தாம்பரம் போயிருக்கிறார், அதனால் எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் நீ உன் கிரெடிட் கார்டிலேயே அப்பா பெயரில் இன்னொன்று வாங்கிக் கொடுத்து, உன் பழைய கம்ப்யூட்டரையும் வைத்துவிட்டு, இனிமேல் கரண்ட் பில்லுக்கு யாரும் க்யூவில் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாய் அல்லவா. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்த கண்டக்டருக்கு உட்கார்ந்த இடத்தில் பில் கட்டலாம் என்றால் கேட்கவா வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். எதிர் வீட்டு நாகலக்ஷ்மிக்கு முட்டி வீங்கி, ஈபி ஆபீஸ் க்யூவில் நிற்க முடியலை அண்ணா என்று அழாத குறையாகச் சொன்னாள், குடும்மா நான் கட்டித் தரேன் என்று வாங்கிக் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள், இந்த பிளாட்டில் இருக்கிற பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டு மீட்டர் அட்டை நம் டிவி மேல்தான் கிடந்தது. நம் கார்டில் கட்டிவிட்டு அவர்கள் கொடுக்கும் ரொக்கத்தை உன் அக்கவுண்டில் போட்டுவிடுவார், அதுவரைக்கும் உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது அந்தக் கூடுதல் காசு சமாசாரம். ஒவ்வொரு பில்லுக்கும் அந்த இன்டர்நெட்காரன் பதினைந்து ரூபாய் தனியாகப் பிடிக்கிறான், அந்தப் பதினைந்துக்கு வரி என்று ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு வேறு. வசதிக் கட்டணமாம்! யாருக்கடி வசதி? கம்ப்யூட்டர் நம்முடையது, அதற்குக் கரண்ட் நம்முடையது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நம்பராகத் தட்டுவது உன் அப்பா, சும்மா இருக்கிறவனுக்குக் கூலியா? வெயிலில் நின்று கவுண்டரில் கட்டினால் ஒரு பைசா அதிகம் கிடையாது, வீட்டிலிருந்து கட்டினால் அபராதம், இது என்ன நியாயமோ எனக்கு விளங்கவே இல்லை. அப்பா ஒவ்வொரு வீட்டிலும் பதினாறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு அந்த எண்பத்தைந்து காசைத் தன் கையிலிருந்து போட்டார், காசுக்காக யாரையும் நிற்க வைக்கக் கூடாது என்பார். வினையெல்லாம் ரசீதில்தான் வந்தது. பிரிண்ட் எடுத்தால் பில் தொகை மட்டும்தான் இருக்கிறது, அந்தக் கூடுதலைப் பற்றி அதில் மூச்சே இல்லை. அது உனக்கு வருகிற கார்டு ஸ்டேட்மெண்டில்தான் தனி வரியாக விழுமாம்.

போன மாதக் கடைசி ஞாயிறு மொட்டை மாடியில் அசோசியேஷன் மீட்டிங். தண்ணி லாரிக்காரன் ரேட்டை ஏற்றிவிட்டதற்குத்தான் கூடினோம், அது முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ரெண்டாவது மாடி ஆனந்தன், கம்பெனி பஸ்ஸில் போகிறானே அவன்தான், ரசீதை எடுத்து ஆட்டினான். சார், பில்லு எண்ணூத்திப் பன்னெண்டு, நீங்க வாங்கினது எண்ணூத்தி இருபத்தெட்டு, இந்த பஸ்லயும் மீதிச் சில்லறை கிடைக்காதா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான் என்று வைத்துக்கொள், ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள் சத்யா. செகரெட்டரி ஸ்ரீநிவாசன் கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாகலக்ஷ்மி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா, அது நெட்டுக்காரன் புடிக்கிறதுப்பா என்றார், யார் காதிலும் ஏறவில்லை. சர்வீஸில் எத்தனை தடவை செக்கிங்காரர் பஸ்ஸில் ஏறியிருப்பார், ஒரு நாள் இவர் பையில் ஒரு ரூபாய் கூடக் குறைய இருந்ததில்லை, அந்த மனுஷனைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

அதற்கு அவர் செய்த காரியத்தைக் கேள். மறுநாள் பேங்குக்குப் போய்ப் பென்ஷன் பணத்தை எடுத்து, இதுவரை கட்டின அஞ்சு பில்லுக்கும் சேர்த்து வீட்டுக்கு எண்பது ரூபாய் என்று கவரில் போட்டு, ஒன்பது வீட்டுக் கதவடியிலும் தள்ளிவிட்டு வந்துவிட்டார். ரோஷத்தில் செய்தது, ஆனால் ஊர் அப்படியா எடுத்துக்கொள்ளும்? ஆனந்தன் பெண்டாட்டி லிஃப்டில் என் முகத்துக்கு நேராகவே, கேட்டதும் வந்துடுச்சு பாத்தீங்களா ஆன்ட்டி என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், இடுப்பில் குழந்தை இருந்தது, விட்டுவிட்டேன். நாகலக்ஷ்மி கவரைத் திருப்பிக் கொடுக்க ரெண்டு தடவை வந்தாள், எனக்கு எதுக்குண்ணா இந்தப் பாவம் என்று வாசலில் நின்று கூப்பிட்டாள், இவர் ரூமை விட்டு வரவில்லை. கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றினார்கள், வருஷா வருஷம் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கிறவர் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த பில் வரட்டும், எல்லோரையும் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடலாம் என்றால், அந்தப் பொட்டியை இனிமே தொட மாட்டேன் என்கிறார். சத்யாவிடம் ஸ்டேட்மெண்ட் கேட்கலாம் என்று சொன்னதற்கு, பொண்ணுகிட்ட போய் அப்பன் திருடன் இல்லைன்னு சீட்டு வாங்கிக்கினு வரணுமா, அதுக்கு நான் சும்மாவே இருந்துக்கறேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். அந்த ஒரு வருஷத்து ஸ்டேட்மெண்டை அச்சடித்து கூரியரில் என் பெயருக்கு அனுப்பு. உன் சொந்தச் செலவை எல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்பு, நீ எத்தனை ஜோடி செருப்பு வாங்கினாய் என்று இந்த பிளாட் முழுக்கப் படிக்க வேண்டாம். அடுத்த மீட்டிங்கில் நானே எழுந்து நின்று வரிக்கு வரி படிக்கப் போகிறேன், ஆனந்தனை முன்னால் உட்கார வைத்து.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. மீட்டிங் முடிந்த அன்றைக்கு மத்தியானம் அவர் மோர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன் சத்யா. ஏங்க, நெசமாவே அவன்தான் புடிக்கிறானா, நீங்க ஒண்ணும், என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தி என்ன பிரயோஜனம், கேட்டது கேட்டதுதானே. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். இன்றோடு பதினெட்டு நாள், தண்ணி கொடு, மாத்திரை எங்கே, இவ்வளவுதான் பேச்சு. ஆனந்தனுக்காக அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் கேட்டதற்குத்தான் கொடுத்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்த மனுஷனிடம் இப்படிக் கேட்க எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

உன் பேப்பர் வந்த பிறகு, என் மேல்தான் தப்பு என்று நான் சொன்னால் அவரை நம்பினதாக ஆகாது, பேப்பரை நம்பினதாகத்தான் ஆகும். அதனால் அது வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடணும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழும்பவில்லை. இந்தக் கவரை நான் ஒட்டப்போவதில்லை. அவர் தாம்பரத்திலிருந்து வந்ததும் அவர் கையிலேயே கொடுத்து, படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் அவர் படித்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

காலையில் வெறும் காபியோடு ஆபீசுக்கு ஓடாதே, அங்கே டெங்கு என்று டிவியில் காட்டுகிறார்கள், கொசுவலை கட்டிக்கொள். நீ நீண்ட ஆயுசோடும் நல்ல மனசோடும் இருக்க முத்தாலம்மன் துணையிருப்பாள். ஸ்டேட்மெண்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையும் உன் அப்பாவையும் நினைத்தபடி,
அம்மா
ஜோதிலட்சுமி