பரிமளா மீட்ட லேப்டாப்

கந்தர்வக்கோட்டை
கார்த்திகை 3

அன்பு மகன் வெற்றிசெல்வனுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் பரிமளா மூவரும் நல்ல சுகம், அங்கே உன் உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்க அம்மா கும்பிடாத நாளில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நடுவில் புகுந்து ஒன்பது சொல்வாய், அதனால்தான் எழுதி, மஸ்கட்டுக்குத் திரும்பும் மேலத்தெரு பிரசாந்த் பையில் முந்திரிப் பருப்போடு வைத்து அனுப்புகிறேன். கண்மாய் முக்கால்வாசி பெருகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம், வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

பரிமளாவின் பழைய லேப்டாப் படுத்துவிட்டது என்று போன மாதம் உன்னிடம் சொன்னாளே, பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அந்த விஷயம்தான். அஞ்சல்வழி எம்.ஏ.வுக்காகக் கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றி அவள் எழுதிய அறுபது பக்க ஆய்வும் படங்களும் அதற்குள் மட்டும்தான் இருந்தன, ஒப்படைக்க எட்டே நாள் பாக்கி. நீயோ, அந்த டப்பாவக் கடாசு, அடுத்த வருசம் எழுதிக்க, ஒனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஸ்பீக்கர் போட்டிருந்தது, நானும் கேட்டேன். அந்தப் பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது தம்பி. அந்த ஆய்வுக்காக நாலு தடவை அவளோடு பஸ் ஏறிப் போய் வெயிலில் கோயிலை அளக்க டேப் பிடித்தவன் நான்.

கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். பென் டிரைவைச் செருகி விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்தார், மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது. மொத்தமா அழிச்சிட்டுத்தான் போடணும், உள்ள இருக்கதெல்லாம் போனதுதான் என்றார். பரிமளா, அழிக்காதீங்கண்ணே என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வரும் வழியில் என்னிடம், வாசக்கதவு தொறக்கலைன்னா உள்ள இருக்க நெல்லு காணாமப் போயிருமா மாமா என்று கேட்டாள். அவளோடு படித்த சந்தனமேரி கணினி மையம் வைத்திருக்கிறாளே, அங்கே போய், விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற லினக்ஸ் ஒன்றை ஏற்றி வந்தாள். பேட்டரி செத்துப் பல வருசம், கரண்டிலேயேதான் ஓட வேண்டும், மிக்ஸி போட்டால் பியூஸ் போய்விடும் என்று அம்மா அன்றைக்குச் சட்னியே அரைக்கவில்லை. அப்படியும் அது பாதியில் நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் நின்றது.

இனிமேல் சொல்வதற்கு எனக்கே வெட்கம். வயரைப் பிடுங்கிவிட்டு, பென் டிரைவ் செருகும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சந்தனம்! கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு டிராக்டருக்கு நாலு சக்கரத்திலும் வைத்த கையோடு, இதற்கும் நாலு பக்கமும் தாராளமாக அப்பியவன் உன் அப்பன்தான். பென் டிரைவ் சரியாகப் பதியாமல் விட்டு விட்டுப் பிடித்ததால்தான் எல்லாம் பாதியில் நின்றிருக்கிறது. இன்னொரு ஓட்டை முன்னமே பழுது. ஒங்க பக்தியில தீய வைக்க என்று அம்மா கத்தினாள். பரிமளா என்னைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒரு மணி நேரம் பொறுமையாகச் சுரண்டி எடுத்தாள். பிறகு செருகினாள், நிற்காமல் ஓடியது பார்! அறுபது பக்கமும் படமும் அப்படியே இருந்தன, முதலில் அதையெல்லாம் வேறொரு பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் அந்த லினக்ஸையே லேப்டாப்பில் நிரந்தரமாக ஏற்றினாள். இப்போது அது முன்னைவிடச் சுறுசுறுப்பு. கெடுவுக்கு ஒரு நாள் முன்பே ஒப்படைத்தாயிற்று. நான் பஸ் கண்டக்டர்வரை சொல்லிவிட்டேன், எம் மருமகடா என்று. பெருமைப்படாமல் என்ன செய்வேன்?

அச்சடித்து வந்ததைப் புரட்டிப் பார்த்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில், என்னைப் படிக்கச் சொன்ன என் கணவருக்கு என்று உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறாள். உன்னிடம் திட்டு வாங்கிய பிறகும் அவள் அந்த வரியை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு மடித்து வைத்திருக்கிறேன். புது லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, அவள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படி.

நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்குக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சே. திருப்பதி