லில்லி பெயரில் வந்த பத்துப் பேர்

18 ஜனவரி 1999, திங்கள்

பொங்கல் முடிந்து தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது, என் வீட்டைத் தவிர. முதலாளியிடம் போய் அடுத்த பாவு வாங்கி வந்தேன். மூன்று சேலைக்கு உண்டான பட்டு நூல், மாம்பழ மஞ்சள். லில்லி இருந்திருந்தால், "இன்னாங்க இது, கண்ணு கூசுது" என்றிருப்பாள்.

மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் கேட்டால் கடைக்காரன் அரைக் கிலோ போடுகிறான். ஒருத்தனுக்காகச் சமைக்கிறேன் என்பதை இந்த ஊர் நம்பவே மாட்டேன் என்கிறது.

24 ஜனவரி, ஞாயிறு

பாவு மூட்டை தறிக்குப் பக்கத்தில் அப்படியே தொங்குகிறது. அதைத் தெருவில் நீட்ட எட்டுப் பேராவது வேண்டும். விடியலில் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும். இதற்குக் கூலிக்கு ஆள் வைக்கும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. உன் பாவுக்கு நான், என் பாவுக்கு நீ. இருபத்தைந்து வருஷமாக என் பாவின் எதிர்முனையைப் பிடித்தவன் எதிர்வீட்டுத் தர்மன்.

ஆகஸ்டில் லில்லியின் சவப்பெட்டி கிளம்பியபோது அவன் வரவில்லை. ஆடித் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் சாவு வீட்டுக்கு வரக்கூடாது. எனக்குத் தெரியாதா? நானும் முன்னெல்லாம் கட்டினவன்தானே. ஆனாலும் மூன்றாம் நாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் கத்தினேன்: "கிறிஸ்துவச்சி செத்தா உனுக்கு காப்பு ஞாபகம் வந்துடுச்சா? இனிமே என் வாசப்படிய மிதிக்காத!"

அதற்குப் பிறகு யார் பாவுக்கும் நான் போகவில்லை, ஐந்து மாதமாக. இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது?

9 பிப்ரவரி, செவ்வாய்

தாமலிலிருந்து தம்பி கலியாணசுந்தரம் வந்திருந்தான். "தனியா இன்னாத்துக்குண்ணா கஷ்டப்பட்டுக்கினு இருக்கற? தறிய பிரிச்சிட்டு எங்கூட வந்துடு. பின்னாடி ரூமு சும்மாதான் இருக்குது."

சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாசி மாசம் முடிவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் பாவை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். அப்புறம் கல்லறைக்கு யார் போவார்கள்?

10 பிப்ரவரி, புதன்

இன்று யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

14 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடியும் நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து இருபத்துநாலு வருஷப் பழக்கம். அவள் உள்ளே இருப்பாள், நான் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நீ மாறு என்று அவள் சொன்னதில்லை. நீ போகாதே என்று நானும் சொன்னதில்லை. மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்த பிறகுதான், கூட்டிப்போக ஆள் இல்லை என்பது உறைத்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், "பயப்படாதீங்க, மறுபடியும் பாப்போம்" என்றாள். ஆற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போகும்போது சொல்வாளே, அதே குரலில். எங்கே பார்ப்போம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

26 பிப்ரவரி, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் பத்துப் பேர். கையில் பைபிள், பாட்டுப் புத்தகம். முன்னால் சர்ச் செயலாளர் அப்பாதுரை. தபால் ஆபீஸில் ரிடையர் ஆனவர். லில்லியின் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். "ஸ்தோத்திரம்! இன்னிக்கு லில்லிம்மா வீட்டுல..." என்று ஆரம்பித்தவர், கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் தினம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது இவர்கள் வழக்கம். போன வருஷம் இந்த வாரம் எங்கள் வீடு. மனிதர் பழைய லிஸ்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். வந்த பத்துப் பேரில் ஒருவருக்குமா உறைக்கவில்லை? எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறே மாதத்தில் அவள் செத்ததே மறந்துபோச்சா இவங்களுக்கு?

"மன்னிச்சிடுபா. கை பாட்டுக்கு எழுதிடுச்சி. நாங்க கெளம்பறோம்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கை கதவைச் சாத்தத்தான் போனது. வாய்தான் வேறு சொன்னது: "வந்தது வந்துட்டீங்க. உள்ள வாங்க."

தறிக்குழியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாடினார்கள். சுருதி சேரவில்லை. லில்லி இருந்தால் சேர்த்திருப்பாள். பாட்டு முடிந்ததும் நான் கேட்டேவிட்டேன். "லில்லிய மறுபடியும் பாக்கலாம்னு நீங்க நெஜமாவே நம்புறீங்களா?"

அப்பாதுரை பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "என் பையன் போயி ஒம்போது வருஷமாச்சு. பாப்பேன்னுதான் நம்புறேன். ஆனா வீட்ல தனியா உக்காந்துக்கினு இருந்தா நம்ப முடியலபா. அதுக்குத்தான் நாலு பேரா சேந்து உக்காந்துக்கறோம்."

பிரசங்கம் செய்வார் என்று நினைத்திருந்தேன். செய்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

இட்லிக் கடை காமாட்சியம்மாள் கேட்காமலே அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். (பேர் அம்மன் பேர், கையில் பைபிள். லில்லிக்கு இதில் தீராத சிரிப்பு.) டம்ளரை நீட்டும்போது தொங்கிக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்து, "இது இன்னாபா, கட்டி வெச்சிக்கினு கீற?" என்றாள். சொன்னேன். ஆள் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும்.

"எத்தினி பேரு வோணும்?"

"எட்டு."

விரலை நீட்டி எண்ணினாள். "நாங்க பத்து பேரு இருக்கறமே!"

27 பிப்ரவரி, சனி

சிரிப்பாக இருக்கிறது. ஒரு போஸ்ட்மேன், ஒரு டைலர், ஒரு இட்லிக்காரி. இவர்கள் பட்டுப் பாவைப் பிடிப்பதா! வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாமா? வேறு யார் இருக்கிறார்கள்?

6 மார்ச், சனி

விடிகிற நேரத்தில் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். டைலர் சிட்டிபாபு, "நூலா? எனக்கேவா?" என்று முண்டா தட்டினார். ஒவ்வொருவரையும் இடம் பார்த்து நிறுத்தினேன். பாவை நீட்டினோம். தெரு முழுக்க மஞ்சள். எதிர்வீட்டு வாசலில் தர்மன் பல் தேய்த்துக்கொண்டு பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல காரியம் ஆரம்பிக்கறோம், ஒரு சின்ன ஜெபம்" என்றார் அப்பாதுரை.

நான் வாயைத் திறப்பதற்குள் பத்துப் பேரும் கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டார்கள். கையைக் கூப்பினால் பாவை யார் பிடிப்பது? அறுபதடிப் பட்டு தொய்ந்து தரையைப் பார்த்து இறங்கியது.

"யோவ்! கண்ண தொறங்கய்யா! கைய வுடாதீங்க!"

கத்தியது நானில்லை, தர்மன். பிரஷ்ஷை எறிந்துவிட்டு ஒரே தாவலாகத் தாவி நடுப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். வாயெல்லாம் நுரை. அப்பாதுரை பதறாமல் ஆமென் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகு தெரு அவன் கைக்குப் போய்விட்டது. எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விரட்டினான். "பெரியவரே, இழுக்காத, தாங்கு! ஆயா, நீ கஞ்சிய தெளி." "யார்ரா ஆயா?" என்று காமாட்சியம்மாள் கஞ்சியை அவன் மேலேயே தெளித்தாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை.

அறுந்த இழை நாற்பதுக்கு மேல். நானும் தர்மனும் எதிரெதிரே குனிந்து முடிந்தோம். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அன்னிக்கு தெருமுனையிலதான் நின்னுக்கினு இருந்தேன். வண்டி திரும்பற வரைக்கும். கையில காப்பு. அவுக்கவும் முடியல, வரவும் முடியல."

"தெரியும்டா. தப்பு என்னுதுதான்."

இவ்வளவு சின்ன வாக்கியம். ஏழு மாதம் ஆகியிருக்கிறது எனக்கு.

7 மார்ச், ஞாயிறு

பாவு தறியில் ஏறிவிட்டது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் அப்பாதுரை என்னைப் பார்த்து உள்ளே வரும்படி சைகை செய்தார். வரவில்லை என்று தலையாட்டினேன். அவர் ரோட்டைத் தாண்டி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பேப்பரில் பாதியைக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். லில்லிக்குப் பக்கத்து வரிசையில்தான் அவர் பையன். இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. முதல் தடவையாக இன்னொரு மனிதன் பக்கத்தில் நிற்க, வாய்விட்டு அழுதேன்.

தம்பிக்குக் கடிதம் எழுதிவிட்டேன், வரவில்லை என்று.

23 மார்ச், செவ்வாய்

மத்தியானம் நெய்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல். தர்மன். என் பழைய வார்த்தை ஞாபகம் வந்ததோ என்னவோ, படிக்கு வெளியே நின்றான். "இன்னாடா நிக்கற, உள்ள வா" என்றேன். வந்தான்.

"வியாழக்கெழம என் பாவு. பெரிய பாவு, ஆளு பத்தாது. உங்க ஆளுங்களுக்கும் சொல்லிடு." போகும்போது திரும்பி, "ஜெபத்த மட்டும் மொதல்லயே முடிச்சிட்டு வரச் சொல்லு" என்றான்.

உங்க ஆளுங்க. நான் திருத்தவில்லை.

சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எட்டு வீட்டில் காபி, மறுக்க விடவில்லை. சிட்டிபாபு இந்த முறை தான்தான் எதிர்முனை பிடிப்பதாகச் சொல்கிறார். தர்மன் என்ன சொல்வானோ!

திரும்பும்போது இருட்டிவிட்டது. போய் நான்தான் விளக்குப் போட வேண்டும். அது மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. ஆனால் இன்று எனக்குப் போய்ச் சொல்லப் பத்து வீடு இருந்தது.