ஏரிக்கரைக்கு வழி போட்டவளுக்கு

இன்று காலை கம்பெனி பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது போன் கிணுகிணுத்தது. நம் வரைபடத்தில் யாரோ புதிதாக ஒரு புள்ளி சேர்த்திருந்தார்கள். உங்கள் ஏரிக்கரைக் குடியிருப்பில், அங்கன்வாடிக்குப் பின்னால், 'ஊஞ்சல்' என்று இருந்தது. உன் தங்கை வேலையாகத்தான் இருக்கும். சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. அது என் விரலுக்குத் தெரியவில்லை, உன் நம்பரைத் தேடிவிட்டது.

குழாய்க் கம்பெனி கேன்டீனில்தான் நாம் சிநேகிதிகளானோம். நான் டிராயிங் பிரிவு, நீ பேக்கிங். ஒருநாள் என் போன் மேப்பில் உங்கள் ஊரைத் தேடச் சொன்னாய். ஏரி இருந்தது, சிப்காட் இருந்தது, நடுவில் வெறும் பச்சை.

"இன்னாடி இது? முப்பது இருளர் ஊடு கீது, ஒண்ணக்கூடக் காணோம்? அப்புறம் ஆம்புலன்ஸ்காரன் எப்படி வருவான்?"

உன் தங்கையின் முதல் பிரசவத்தில், மெயின் ரோட்டில் நின்ற வண்டி வரைக்கும் அவளைக் கட்டிலோடு தூக்கிப்போனதை அன்றுதான் சொன்னாய்.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, தங்கள் இடத்தைத் தாங்களே வரையலாம் என்கிற திறந்த மூல வரைபடச் செயலி ஒன்றை உன் போனில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம். அடிபம்பு, அங்கன்வாடி, வரப்பை ஒட்டிய பாதை. மழைக்கு எது முழுகும் என்று உனக்குத் தெரியும், வரைய எனக்குத் தெரியும். "இன்னா கண்ணு, என் ஆடு மட்டும் இந்த ஊர் இல்லியா?" என்று உன் சித்தப்பா மறித்தார். ஆட்டுப்பட்டியும் மேப்பில் ஏறியது.

அந்த ஜோரில்தான் நான் தப்புச் செய்தேன். கன்னியம்மா சாமி இருக்கும் புதரையும், நீங்கள் மூலிகை எடுக்கும் மேட்டையும் நானே போட்டுவிட்டேன். மறுநாள் கேன்டீனில் நீ தட்டைத் தொடவில்லை.

"அத்த எடு."

"ஏன்டி? நல்லாத்தானே இருக்குது?"

"நாளைக்கு எவனாச்சும் வண்டி வெச்சுக்கினு வந்து வேரோட அள்ளிக்கினு போவான். எங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அங்கேயே அழித்தேன். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், ஊர்ப் பெண்கள் கூடி எடுத்த முடிவோடு வந்தாய்: உலகத்துக்கு ஒரு மேப், சாமியும் மருந்தும் இருக்கும் மேப் உங்கள் போன்களில் மட்டும். "ரெண்டாவது உனக்குக் கெடையாது" என்று சொல்லிச் சிரித்தாய். அதை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு மதியம் உன் தங்கைக்கு மறுபடியும் வலி வந்தது. பாதையை ஆம்புலன்ஸ் டிரைவரின் போனுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்றாய். புழுதி கிளம்பியது. வண்டி நேராக உங்கள் வீட்டெதிரே வந்து நின்றது. "இங்க இம்மாம் பெரிய ஊர் கீதா! யாரையும் வழி கேக்காமயே வந்துட்டேன்" என்றார் டிரைவர். பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வராந்தாவில் நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். அதட்ட வந்த நர்ஸின் வாயிலும் ஒரு சாக்லேட்டைத் திணித்தாய்.

பிறகு வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

போன மாதம் ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு இருளர் குடியிருப்பில் வரைபடம் போடக் கூப்பிட்டார்கள். போனை வெளியே எடுக்குமுன் அங்கிருந்த பெண்களிடம், "எதையெல்லாம் போடக் கூடாது, சொல்லுங்க" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத்தக் கேட்ட மொத ஆளு நீதான்மா" என்றாள் ஒருத்தி. என் சிநேகிதி சொல்லித் தந்தது என்று உன் பெயரைச் சொன்னேன்.

அவர்களோடு நடந்து வரைந்துகொண்டு போகையில், பாதி வழியில், ஒரு வேலமரத்துக்கு அப்பால் வர வேண்டாம் என்றார்கள். அவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போய்த் திரும்பி வரும்வரை, நான் அந்த நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்டி.