முதலாவது கேள்வியை விட்டுவிட்டேன்

என் அன்பு அக்கா,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இன்று நான்கு நாள். அத்தான் மடத்துவெளி வீட்டு வேலிக்குப் புது ஓலை கட்டுகிறார். உன் மகள் வசந்திதான் சமைக்கிறாள், உப்புக் கூடிப்போகிறது. நான் கரம்பொனுக்குத் திரும்பிப் படிப்பிக்கப் போகிறேன். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அம்மா நோயாகிப் பாயில் விழுந்தபோது உன்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் படித்தேன். நீ பின்னேரத்தில், அடுப்பு மூட்டுமுன், என் பழைய கொப்பிகளின் வெற்றுத் தாள்களில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவாய். இன்று யாருக்குப் பிழை செய்தேன்? எதைப் புதிதாக அறிந்தேன்? நாளை எதை வேறு விதமாகச் செய்து பார்ப்பேன்?

"ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. பள்ளிக்கூடத்தில கேள்வி கேக்க ஆக்கள் இருக்கினம். இஞ்ச நான்தானே என்னைக் கேக்க வேணும்?"

எழுதியதோடு நீ நிற்கவில்லை. பனையோலையைக் கிழித்து மிளகாய்க் கன்றடியில் பரப்பினாய். தினமும் இறைத்த தண்ணீர் இரண்டு நாளைக்கொருமுறை போதுமென்றாயிற்று. "இவளுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்ற நம் தகப்பன், ஐயா, அடுத்த போகத்தில் தோட்டம் முழுக்கப் பரப்பினார். யோசனை யாருடையது என்று அவரும் சொல்லவில்லை.

நான் ஆசிரியனானேன். சிந்திக்கும் பழக்கம் பற்றிப் பேசத் தீவுப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் என்னை அழைத்தன. "சிறுவயதில் நானாகக் கண்டுபிடித்த இரண்டு கேள்விகள்" என்றுதான் தொடங்குவேன். முதலாவது கேள்வி எனக்கு வசதிப்படவில்லை.

போன வருடம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் நீ கடைசி வரிசைக் கதிரையில் இருந்தாய். கழுத்தில் மாலையோடு இறங்கி வந்தேன்.

"நல்லாக் கதைச்சனி, தம்பி," என்றாய். "முதலாவது கேள்வியை ஏன் விட்டனி?"

"நேரம் காணாதக்கா."

நீ சிரித்தாயா? நினைவில்லை. அதிபர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அந்தியேட்டியன்று வசந்தி உன் அலுமாரியிலிருந்து கொப்பிக் கட்டைத் தூக்கி வந்தாள். "அம்மா தேவாரம் எழுதி வைச்சிருக்கிறா எண்டுதான் நினைச்சனான், மாமா. பாத்திட்டுத் தாங்கோ."

அந்த விழா நாளின் தாளைத் தேடிப் பிடித்தேன். முதலாவது கேள்விக்கு நீ எழுதியிருந்தாய்: "தம்பியில் கோபப்பட்டேன். நான் சொல்லியிருந்தால் யார் கைதட்டியிருப்பார்கள்? ஆனாலும் கோபப்பட்டது பிழை."

அது பிழையில்லை, அக்கா. ஏன் அதை என் முகத்துக்கு நேரே காட்டவில்லை? அந்த மாலையை ஏன் பிய்த்தெறியவில்லை? நீ உயிரோடிருக்க ஒரு மன்னிப்புக் கேட்க ஏலாதவன், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

அடுத்த மேடையில் உன் பெயரைச் சொல்லலாம். அதற்கும் எனக்குத்தான் கைதட்டுவார்கள், வாத்தியார் எவ்வளவு நேர்மையானவர் என்று.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மடத்துவெளிக்கு வருவேன். வசந்தியை இருத்தி, எதையெல்லாம் எடுத்தேனென்று தாள் தாளாகக் காட்டுவேன். மாமா என்று கூப்பிடுவதை அவள் அன்றோடு நிறுத்தினாலும், அவள் சொல்வதையெல்லாம் இருந்து கேட்பேன். கொப்பிகளை அவளிடமே கொடுத்து, இனி என்னைப் பேச அழைப்பவர்களையும் அவளிடம் அனுப்புவேன். இது சத்தியம்.

உன் பெயரை விழுங்கிய,
உன் கூடப்பிறந்த தம்பி