உன் தண்ணீர்க் குடத்தை இறக்கியவர்கள்

தம்பி,

உனக்கு நடந்தது அநியாயம். தோணியில் ஏற்றிய உன் தண்ணீர்க் குடத்தை வியாபாரிகள் சங்கத்தார் இறக்கி மணலில் கொட்டினார்கள். ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார்கள். நான் கொண்டுவந்த வேறு குடத்தையும் ஏற்றவிடவில்லை. கொழும்பில் தொடங்கி உலகம் முழுக்கச் சுற்றிவர நினைத்த உன்னைத் தூத்துக்குடிக் கரையைத் தாண்டவிடாமல் செய்தவர்கள் அவர்கள். இப்போது, “பாவம், காய்ச்சலில் போய்விட்டான்” என்று பேசிக்கொள்கிறார்கள். காய்ச்சல் பிறகு வந்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவள், சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துப் படித்தவள். எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் விஷயத்தில் இல்லை.

இன்று காலை புதுக்குடம் ஒன்று வாங்கித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மண் நனைந்து வாசனை எழுந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. மருமகள் ஓடிவந்து பானையை இறக்கினாள்.

“என்ன அத்த, இங்கன நின்னுக்கிட்டுச் சொப்பனம் காணுதீக?”

உன் நினைப்புத்தான் தம்பி. அடுப்பை மறுபடி மூட்டினேன்.

யுத்தம் முடிந்து, கொழும்புத் தோணிகள் பயமில்லாமல் ஓடத் தொடங்கிய சமயம் நீ என் சோற்றுக்கடைக்கு வந்தாய். விளாத்திகுளத்துப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நிறுவை வேலை பார்த்துவிட்டு, பெண்டாட்டி போன பிறகு அதையும் விட்டுவிட்டு வந்திருந்தாய். தலையில் பாதி நரை. ரேஷன் அரிசிச் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாய். பிறகு இலையை மடக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாய்.

“அக்கா, கொழும்புல ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் உண்டா?”

“எதுக்கு?”

“உலகத்தச் சுத்திப் பாக்கணும். கொழும்புல ஆரம்பிக்கலாம்னு.”

பக்கத்து இலையில் சங்கு குளிக்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மீன் முள்ளைத் துப்பிவிட்டு உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே, ஒங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடயாது. நீ கடலத் தாண்டப் போறியாக்கும்?”

“தண்ணி இருக்கவன் எதுக்கு அண்ணாச்சி வெளிய கெளம்புதான்?”

அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. உனக்கு முதல் பேர் தந்தவர் அவர்தான். “என் மச்சான் அங்கன துறைமுகத்துப் பக்கம் இருக்கான். என் பேரச் சொல்லு, படுக்க எடம் தருவான். சோறு மட்டும் கேட்டுராத. அவன் பெண்டாட்டி வைவா.”

உன் யோசனையை நீ விளக்கியபோது எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. காசு உள்ளவன் கப்பலும் ஓட்டலும் தேடுவான், இல்லாதவன் ஆளைத் தேட வேண்டும் என்றாய். “ஒரு ஊருக்கு ஒரு பேரு போதும்க்கா. அந்த ஆளு அடுத்த ஊருக்குப் பேரு சொல்லுவாரு.” ஓசியில் இருக்கப்போவதில்லை என்றும் சொன்னாய். “எனக்குத் தராசு பிடிக்கத் தெரியும். எந்த நாட்டுக் கடையிலயும் தராசு இருக்கும்லா?”

அதற்குப் பிறகு நீ ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாய். கருப்பட்டிக் கமிஷன் கடை, கருவாட்டுக் கிட்டங்கி, காயல்பட்டினத்திலிருந்து வந்து போகும் ரத்தினக்கல் வியாபாரி என்று ஒருவரையும் விடவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குக் காசு கேட்டால்தான் முகம் சுருங்கும். ‘வெளியூரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்’ என்று கேட்டால் தின்பண்டம் கொடுத்து உட்காரவைப்பார்கள். பினாங்கில் சித்தப்பா மகன், மலாக்காவில் பழைய கூட்டாளி, ஏடனில் கல் வியாபாரியின் தம்பி. ரங்கூன் என்றபோது மட்டும் ஒரு கடைக்காரர், “அங்க இருந்தவன்லாம் யுத்தத்துல நடந்தே வந்துட்டானே, யாரச் சொல்ல?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ எதையும் எழுதிவைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாய். சோறு போட்டுக்கொண்டே கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

புன்னைக்காயல் தண்டல் ஒருவர் தன் தோணியில் உன்னைக் கூட்டிப்போகச் சம்மதித்தார். தோணியை நடத்துகிறவர் அவர். சமையலுக்குக் கையாளாக வா, கூலியும் கிடையாது, கேவு என்கிற பயணக் காசும் கிடையாது என்றார். ஆனால் கரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூலி இல்லாமல் ஏறுகிறவனுடைய குடிதண்ணீர் ஊருக்குள் ஒரு வீட்டிலிருந்து வர வேண்டும். யார் வீட்டுத் தண்ணீரோ அவர்கள் அவனுக்குப் பொறுப்பு. அவன் அங்கே திருடினாலும் சண்டை போட்டாலும் தண்டல் இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார். இதை உனக்குச் சொல்லி, என் குடத்தையும் கொடுத்து, “என் வீட்டுல மோந்துக்கோ” என்றேன்.

அந்த வாரம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். நான் வண்டித் தண்ணீர் வாங்குவதை நீ பார்த்திருந்தாய். குடம் என்னுடையது, அது போதும் என்று நினைத்துவிட்டாய். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று, நீ தங்கியிருந்த சங்கத்துச் சத்திரத்தின் கிணற்றிலேயே இறைத்து நிரப்பிக்கொண்டு போனாய். கரிசல்காட்டில் சத்திரத்துக் கிணறு வழிப்போக்கனுக்கு உரியது. கரையில் அப்படி இல்லை. கேட்காமலே சங்கத்தை உனக்குப் பொறுப்பாக்கிவிட்டாய் என்பது உனக்குத் தெரியாது. இறைத்ததைச் சத்திரத்துக் கணக்கர் பார்த்துவிட்டார்.

சங்கத்துத் தலைவர் குடை பிடித்துக்கொண்டு கரைக்கே வந்தார்.

“யாருல இவன்? நம்ம ஆளு இல்ல. எங்க தண்ணியில ஏறிப் போயி, அங்கன எங்க பேரக் கெடுக்கவா?”

“தெரியாம மோந்துட்டேன் அண்ணாச்சி. திருப்பி ஊத்திருதேன்” என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கர் குடத்தை இறக்கிக் கவிழ்த்தார். மணல் அதை உடனே குடித்துவிட்டது.

நான் வீட்டுக்கு ஓடி, இருந்த தண்ணீரை வேறொரு குடத்தில் ஊற்றிக் கொண்டுவந்தேன். “இது என் வீட்டுத் தண்ணி. இவனுக்கு நான் பொறுப்பு.”

தலைவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “ஏளா, சோத்துக்கடைக்காரி தண்ணி உலையில ஏறும். தோணியில ஏறாது.”

“இத்தன வருசமா ஒங்க சரக்கக் கொண்டு போற தண்டல்மாரு என் தண்ணியத்தான அண்ணாச்சி குடிக்காங்க?”

தலைவர் தண்டலைப் பார்த்தார், அவ்வளவுதான். தோணி நிறையச் சங்கத்தாரின் கருப்பட்டியும் வெங்காயமும். தண்டல் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். “மாதா சத்தியமா எனக்கு இஷ்டம்தாங்க்கா. சரக்கு அவுகளது. மன்னிச்சிரு.” பாய் ஏறியது. தோணி சின்னதாகிற வரைக்கும் பார்த்துவிட்டு நீ என்னைத்தான் தேற்றினாய்.

“விடுங்கக்கா. அடுத்த தோணி வரும்லா.”

தோணிகள் வந்தன. எல்லாவற்றிலும் சங்கத்தார் சரக்கு இருந்தது. தண்டல்கள் என் கடையில் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சத்திரத்தில் உன் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறையில் படுத்துக்கொண்டாய். மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. வைத்தியர் கஷாயம் கொடுத்தார், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். கண்ணைத் திறக்காமல், “கொழும்புல எறங்கியாச்சு. யாருக்கா?” என்றாய். சங்கு குளிக்கிற அண்ணாச்சியின் மச்சான் பேரைச் சொன்னேன். “பினாங்குல?” சொன்னேன். “மலாக்காவுல?” அதையும் சொன்னேன். இப்படியே ஏடன் வரைக்கும் வந்துவிட்டாய்.

“ஏடனுக்கு அப்புறம் பேரு இல்லியேக்கா.”

“அங்க போயிக் கேட்டுக்கிடலாம். கஞ்சியக் குடி.”

குடித்தாய். அதற்குப் பிறகு நீ பேசி நான் கேட்கவில்லை.

பேர்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. சோறு வடிக்கும்போது என்னையறியாமல் வாய் வரிசையாகச் சொல்கிறது. ஆழ்வார்திருநகரியிலிருந்து சமையல்காரர் ஒருவர் இந்த வாரம் வந்திருக்கிறார். உன் வயது இருக்கும், உன்னைப் போலவே ஒன்றும் இல்லாதவர். “இங்கன வந்தா வெளிநாட்டு ஆளுக பேரு சொல்லுவீகன்னாங்க” என்றார். உட்காரவைத்துச் சோறு போட்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். இந்த வெள்ளிக்கிழமை அதே தண்டலின் தோணி புறப்படுகிறது. புதுக்குடம் அவருக்குத்தான்.

இனி நடக்க வேண்டியது இது. மருமகள் நம் வீட்டுத் தண்ணீரை அந்தக் குடத்தில் நிரப்பிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நான் உடன் வருவேன். தண்டல் தன் கையால் அதை வாங்கித் தோணியில் வைக்க வேண்டும். மன்னிப்பு ஒருமுறை கேட்டது போதும். கணக்கர் கரைக்கு வரலாம், குடத்தைத் தொடக் கூடாது. சோற்றுக்கடைத் தண்ணீர் தோணியில் ஏறும் என்று தலைவர் அன்று நின்ற இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து தனியாகச் சொன்னால் ஏற்க மாட்டேன், சொல்லும்வரை சங்கத்து ஆட்களுக்கு என் கடையில் இலை போட மாட்டேன். வெளிநாடு போக வந்து தங்குகிறவனைச் சத்திரத்துக்காரர் வெளியே தள்ளக் கூடாது. சமையல்காரர் ஒவ்வொரு ஊரிலும் இந்த வழியைக் கண்டவன் நீ என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். ஏடனுக்குப் போய்ச் சேர்ந்ததும், அதற்கு அடுத்த ஊரில் யார் என்று கேட்டு, இந்தப் பக்கம் திரும்புகிற யாரிடமாவது எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.