கூடத்து ஜன்னல்

கோலார் தங்கவயல்,
டிசம்பர் 1903

அன்புள்ள உங்களுக்கு,

கூடப் பிறந்த அக்காளை 'அந்த ஸ்திரீ' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கிறிஸ்துமஸ் விழாவில் நம் பள்ளிப் பெண்கள் ஆடலாமாம். ஆனால் ஒரு காலத்தில் கோயிலில் ஆடிய அந்த ஸ்திரீ துரைமார் கண்ணில் படக்கூடாதாம். ஆட்டம் சொல்லிக்கொடுத்தவள் என்று என் பெயரைச் சொல்ல வேண்டுமாம். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறீர்கள்.

நான் பட்டத்துக்குப் படித்தது சரித்திரம். எனக்கு ஓர் அடவுகூடத் தெரியாது. இந்தக் கோலாட்டத்தை அமைத்தவர் நான் அண்ணி என்று அழைக்கும் உங்கள் அக்காள். சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, ஆலையில் கல் இடிக்கும் சத்தத்தை வைத்தே தாளம் பழக்கியவரும் அவர்தான்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"இன்னா வாத்தியாரம்மா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற? உடு. எந்தம்பி ஜன்னல் இல்லாமயா பள்ளிக்கூடம் கட்டிக்கீறான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாலை.

நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று விழா நடந்தது. அண்ணி வெளியே, ஜன்னலோரம் நின்றார். பெண்கள் நன்றாக ஆடினார்கள். கடைசியில் துரைமாரை வணங்க வேண்டிய இடத்தில், நான் சொல்லாமலே, அத்தனை பேரும் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜன்னலைப் பார்த்துத் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அங்கே நிற்பது யார் என்று துரைசானி கேட்டார்.

"என் கணவரின் அக்காள்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி