தவக்காலத்திலை பண்டி வேட்டை

ஜெயனி,

நீ நித்திரை, எழுப்பேல்லை. எழுப்பினால் நேற்றையச் சண்டை திரும்பத் தொடங்கும்.

நானும் கூட்டாளி றெஜியும் வில்லைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் பண்டி வேட்டைக்குப் போறம். அரசாங்கக் காடு, பண்டிக்கும் எனக்கும் சம உரிமை. போனமுறை என்ரை அம்பு பண்டியை விட்டிட்டு றெஜியின்ரை மோட்டச்சைக்கிள் ரயரிலைதான் ஏறினது. நீ பாவம், இறைச்சிக் கறிக்குச் சரக்கு வறுத்து வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருந்தனி. இண்டைக்கு ஒண்டும் வறுக்காதை. பிறிட்ஜிலை சூடைமீன் கிடக்கு. கதவைப் பூட்டிற திறப்பு பூச்சாடிக்குக் கீழை.

கோவத்திலையும் எனக்குப் பாணும் சம்பலும் கட்டி வைச்சிருக்கிறாய், கண்டனான்.

லியோன்

பி.கு: தவக்கால வெள்ளிக்கிழமையிலை இறைச்சி தேடிப் போறான் எண்டு பங்குச் சுவாமியாரிட்டைச் சொல்லுவன் எண்டு சொன்னனி. சொல்லு. என்ரை குறியாலை எங்கடை வீட்டிலை வருசம் முழுக்கத் தவக்காலம்தான் எண்டதையும் சேர்த்துச் சொல்லு.